பில் இல்லாத பேர்

ஸ்தனிஸ்லாஸுக்கு மிச்சம் இருந்தது வலது கண் மட்டும்தான். இடது கண்ணைக் கண் அழுத்தம் தின்று தீர்த்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. மிச்சமிருந்த ஒன்றைத் தினம் ஒரு சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றி வந்தார்கள். அதுவும் எல்லாருக்கும் எழுதித் தருகிற மருந்து இல்லை. எல்லாருக்கும் தருகிற சொட்டு, இழுப்பு உள்ளவனுக்கு ஆகாது. கண்ணில் விட்டால் மூக்கு வழியாக இறங்கி நெஞ்சைப் பிடித்துவிடும். ஸ்தனிஸ்லாஸுக்கு இழுப்பு இருந்தது. அந்த வீட்டில் அவருடைய கண்ணும் மூச்சும் சண்டைக்காரச் சம்பந்திகள் மாதிரி, ஒன்றுக்கு ஆனது மற்றொன்றுக்கு ஆகாது. இரண்டையும் சமாளித்துக் குடும்பம் நடத்தியவள் அவர் பெண்சாதி சகாயராணி.

இழுப்பு தோல்ஷாப் கொடுத்தது. பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் பத்தொன்பது வயதில் சுண்ணாம்புக் குழி வேலைக்குச் சேர்ந்தவர், நாற்பத்தெட்டிலும் அதே குழிக்கரையில்தான் நின்றார். ஊறிய ஆட்டுத்தோலைக் கொக்கியால் இழுத்துக் கரையில் போட வேண்டும். மயிர் கழித்து வந்ததும் மறுபடி அடுத்த குழியில் தள்ள வேண்டும். ஈரத்தோடு தோல் கல்லாய்க் கனக்கும். சுண்ணாம்பு நெடி தொண்டையை அறுக்கும். ஆடி மாதம் மேகாற்று புழுதியை வாரிக்கொண்டு வருகிறபோது அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்குவதைப் பார்க்கிறவர்களுக்கே நெஞ்சு வலிக்கும்.

தோல்ஷாப் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஆஸ்பத்திரியிலும் இழுப்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள். கோயிலில் இருமல் வந்தால்கூட மிளகாய் நெடி என்பார்கள். மேஸ்திரி காதுக்குப் போனால், "செத்த நாளு வீட்ல இரு அப்பு, ஒடம்பப் பாத்துக்க" என்பார். அந்தச் செத்த நாள் முடியவே முடியாது. மறுநாள் குழிக்கரையில் வேறு ஆள் நிற்பான். அதனால் ஸ்தனிஸ்லாஸுடைய இழுப்பு ஊர் முழுவதிலும் ஒரே ஒரு இடத்தில்தான் எழுத்தில் இருந்தது. சகாயராணி வேலை பார்த்த கண்ணாஸ்பத்திரியில், அவருடைய அட்டையில், சிவப்பு மையில். பெரிய டாக்டர் அமலதாஸ் தன் கையால் எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் அட்டைகளுக்குப் பொறுப்பு சகாயராணி. பதினான்கு வருஷமாக அதே மர அலமாரி, அதே ஸ்டூல். ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒரு ஆள் வந்து பேரைச் சொல்லி முடிக்கும் முன்னால் அட்டையை எடுத்து நீட்டுவாள். பில் போடுவது வேறு அறை. கணக்குப் பிள்ளை ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டார். அட்டைக்கும் பில்லுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெரிய டாக்டர் அட்டையின் மூலையில் சின்னதாக ஒரு சிலுவை போட்டால் அந்த ஆளுக்குப் பில் கிடையாது. கன்னியர் மடத்து ஹாஸ்டல் பிள்ளைகள், தொழுநோய் இல்லத்துக்காரர்கள், பஸ் ஸ்டாண்டில் கையேந்துகிறவர்கள், ஆஸ்பத்திரி வேலைக்காரர்களின் வீட்டு ஆட்கள் எல்லாரும் சிலுவைக்காரர்கள். ஸ்தனிஸ்லாஸும் அதில் ஒருவர்.

பெரிய டாக்டர் பக்கவாதத்தில் விழுந்து மாடி அறையில் மின்விசிறியைப் பார்த்துப் படுத்த பிறகு, மருமகன் பெலிக்ஸ் நிர்வாகத்துக்கு வந்தார். சென்னையில் படித்தவர். குரல் உயராது. வேலைக்காரப் பெண்களைக்கூட நீங்க வாங்க என்றுதான் பேசுவார். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் பிறந்ததும் அவர் சொன்னது, கணக்கு சாஃப்ட்வேரையும் நோயாளி விவரத்தையும் ஒன்றாகச் சேர்க்கப் போகிறோம் என்பது. பேரை அடித்தால் கண்ணும் தெரிய வேண்டும், காசும் தெரிய வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து அஜய் என்று ஒரு இன்ஜினியர் வந்து இரண்டு நாள் அளந்து பார்த்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தான். கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்கெனவே பில் போட்டவர்களின் பேரும் ஊரும் இருக்கின்றன. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பேருக்கும் எதிரே அட்டையில் உள்ளதை ஏற்றினால் போதும், நாலு மாதத்தில் முடிந்துவிடும் என்றான்.

ஏற்றுகிற வேலை சகாயராணிக்கும், புதிதாகச் சேர்ந்த நான்சிக்கும். காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் கண் பூத்துப்போகும்வரை அட்டையும் திரையும்தான். மூன்றாம் நாளே சகாயராணிக்குச் சங்கதி புரிந்துவிட்டது. பெலிக்ஸ் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், சிலுவை போட்ட அட்டையெல்லாம் ஒரு கட்டாக் கெடக்கு. ஆயிரத்துக்கு மேல இருக்கும். அவுங்க பேரு லிஸ்ட்லயே வரல."

"பில் இருக்கா அவங்களுக்கு?"

"பில்லு இல்ல சார். பெரிய டாக்டரு..."

"பில் இல்லாத பேர் கணக்குல வராது. கணக்குல வராத பேர் சிஸ்டத்துல வராது. நாம வேணும்னு விடல. அதோட அமைப்பு அப்படி."

"அவுங்கள்லாம் மறுபடி வருவாங்களே சார்."

"வந்தா புதுசா போட்டுக்கலாம். அன்னைக்கு என்ன இருக்கோ அதக் கேட்டு எழுதிக்கலாம். இதுக்கு ஏன் இவ்வளவு கவலப்படுறீங்க?"

அவ்வளவுதான் பேச்சு. மே மாதக் கடைசியில் அலமாரி காலியானது. பழைய பேப்பர்க்காரர் சௌகத் அலி தள்ளுவண்டியோடு வந்தார். அட்டைகளைத் தராசில் வைத்து நிறுத்தபோது சகாயராணி பக்கத்தில்தான் நின்றாள். சிலுவைக் கட்டு தனியாகக் கயிறு போட்டு இருந்தது. அதில் ஸ்தனிஸ்லாஸ் அட்டை எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு உருவிவிடுவாள். ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்று வெளியே போனால்கூட வேலை போகும் என்று பெலிக்ஸ் சுற்றறிக்கை ஒட்டியிருந்தார். கைப்பையைத் திறந்து பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள். அந்தப் பயம் ஒன்று. அதைவிடப் பெரியது அவளுடைய தைரியம்.

"அந்தாளுக்கு அட்டை எதுக்குடி? நாந்தேன் அட்டை" என்று நான்சியிடம் சொல்லிச் சிரித்தாள்.

சௌகத் அலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஸ்தனிஸ்லாஸ் கவலைப்பட்டு, அந்தக் கவலையிலேயே இழுப்பு வந்துவிடும் என்று நினைத்தாள். அவருக்கு வேண்டிய மருந்தை அவளே மருந்துக் கவுண்டரில் சொல்லி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்ததும் பெலிக்ஸ் வத்தலக்குண்டில் கிளை திறக்க ஏற்பாடு செய்தார். அங்கே மூன்று பெண்களுக்குக் கம்ப்யூட்டரைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நாள் சகாயராணி போக வேண்டும். காலை ஆறரை பஸ்ஸுக்குப் போனால் வீடு திரும்ப விளக்கு வைத்துவிடும். அதோடு, சீட்டும் நம்பரும் இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று மருந்துக் கவுண்டருக்கும் உத்தரவு வந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவள் கருவாட்டுக் குழம்பைக் கூட்டி வைத்துவிட்டுத் தலை சீவிக்கொண்டிருந்தாள். ஸ்தனிஸ்லாஸ் சொட்டு மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ராணி, இன்னைக்கோட சரி. நாளைக்குக் காணாது."

"திங்கக்கெழம வரைக்கும் ஓட்ட முடியாதா?"

"நீதான சொன்ன, ஒரு நாளு விட்டாலும் கண்ணு போயிரும்னு. பயமுறுத்தினது நீ. இப்ப ஓட்டச் சொல்ற."

"சரி, வள்ளுன்னு விழாதீங்க. நாளைக்கு நீங்களே போயிருங்க. நான்சிகிட்டச் சொல்லிடுறேன். அவ டாக்டரம்மாகிட்ட உள்ள விட்ருவா. அதே மருந்தக் கேட்டு வாங்கிக்கங்க."

"மருந்துப் பேரு என்னா?"

"பேரெல்லாம் உங்க வாய்ல நொழையாது. போனா அவுங்களுக்குத் தெரியும்."

"வெஞ்சனம் என்னா வச்சிருக்க?"

"தட்டப்பயறு. அனிஷாவ எழுப்பிச் சாப்பிடச் சொல்லுங்க. நா வாரேன்."

அவர்களுக்குத் தெரியும் என்று அவள் சொன்னாள் பாருங்கள், அந்த ஒரு வார்த்தைக்கு அவளை என்ன செய்தாலும் தகும். பதினான்கு வருஷம் ஒரு மனுஷி அலமாரியாகவே இருந்துவிட்டால், தான் இல்லாத இடத்தில் எதுவும் தெரியாது என்பது அவளுக்கே மறந்துபோகும்.

சனிக்கிழமை ஸ்தனிஸ்லாஸ் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கவுண்டரில் நான்சி இருந்தாள். அவளுக்குத் தனியாகப் பேரும் பாஸ்வேர்டும் கொடுக்க இன்னும் உத்தரவு ஆகாததால், சகாயராணியின் பேரிலேயே கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்தனிஸ்லாஸ் பேரை அடித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"மாமா, உங்க பேரு இதுல இல்ல. புதுசா போட்டுர்றேன். அக்கா சொல்லிட்டுத்தான் போனாங்க."

"போடும்மா."

வயது, ஊர், தொழில் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

"இழுப்பு கிழுப்பு ஏதும் உண்டா மாமா?"

இழுப்பைப் பற்றிச் சகாயராணி யாரிடமும் மூச்சு விட்டதில்லை, நான்சியிடமும் சொன்னதில்லை. நான்சி சாதாரணமாகக் கேட்டாள். கொஞ்சம் சத்தமாகவும் கேட்டாள், ஏனென்றால் வெளியே மேகாற்று கதவை அடித்துக்கொண்டிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தார். கை எட்டும் தூரத்தில், பெஞ்சில் அழகர் உட்கார்ந்திருந்தார். தோல்ஷாப் மேஸ்திரி. கண்புரை காட்ட வந்தவர்.

"என்னாப்பா ஸ்தனி, லீவு போட்டது இங்க வரத்தானா?" என்றார் அழகர்.

"சும்மா கண்ணாடிக்கு மேஸ்திரி."

"அந்தப் புள்ள என்னமோ கேக்குது பாரு."

ஸ்தனிஸ்லாஸ் நான்சி பக்கம் திரும்பிச் சிரித்தார். "எனக்கென்னம்மா இழுப்பு. கல்லு கணக்கா இருக்கேன்."

இல்லை என்று நான்சி அடித்தாள். அடுத்த பக்கம் திறந்தது.

அவர் பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை. வாயால் சொல்வது மேஸ்திரிக்கு; உண்மை அலமாரியில் சிவப்பு மையில் இருக்கிறது, டாக்டர் எடுத்துப் பார்த்துக்கொள்வார் என்றுதான் அந்த மனுஷன் நம்பிக்கொண்டிருந்தார்.

டாக்டர் மாலதி வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்று அவர் பார்த்த ஆட்களில் இவர் நாற்பதாவது. அழுத்தம் அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப ஏறியிருக்குங்கய்யா. முன்னாடி என்ன சொட்டு விட்டீங்க?"

"சின்ன பாட்டிலுங்கம்மா. என் வீட்ல இங்கதான் வேல பாக்குறா. அவளுக்குத் தெரியும்."

டாக்டர் திரையைப் பார்த்தார். பழைய மருந்து எதுவும் அதில் இல்லை. இழுப்பு இல்லை, இருதயக் கோளாறு இல்லை. எல்லாக் கட்டமும் சுத்தமாக நிரம்பியிருந்தது. எல்லாருக்கும் எழுதுகிற சொட்டை எழுதினார். "இன்னைக்கே ஆரம்பிச்சுருங்க" என்றார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். பள்ளிக்கூடம் லீவு; மகள் அனிஷா வீட்டில் இருந்தாள். பதினொன்றாம் வகுப்பு. அப்பாவுக்குச் சொட்டு விடுவது எப்போதும் அவள் வேலை. அவருக்குத் தன் கையால் விட்டால் கை நடுங்கும். பெஞ்சில் படுக்கவைத்து, இமையை விலக்கி, விட்டாள்.

"ஏத்தா, கன்னத்துல ஊத்துற. இது காசு குடுத்து வாங்குனது" என்று சிரித்தார். அன்றுதான் முதல் தடவையாக அவருக்குப் பில் போட்டிருந்தார்கள்.

"ஆடாம இருப்பா" என்று இன்னொரு சொட்டு விட்டாள்.

தோல்ஷாப்புக்குப் போக வேண்டும் என்று செத்த நேரம் கழித்து எழுந்தவர், சட்டையில் ஒரு கையை நுழைத்தபடியே உட்கார்ந்துவிட்டார். வழக்கமான இழுப்பு என்று அனிஷா வெந்நீர் வைக்க ஓடினாள். தண்ணீர் கொதிப்பதற்குள் அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது. பேச வாய் திறந்தார். விசில் சத்தம்தான் வந்தது. பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் ஆட்டோவைக் கூப்பிட்டு வந்தாள். அரசு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை. மணி மூன்றரை.

அதே மூன்றரைக்கு வத்தலக்குண்டில் சகாயராணி மூன்று பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தக் கட்டத்த விட்டுட்டுப் போக முடியாது. ஆமாவா இல்லையான்னு ஒண்ண அடிச்சாத்தான் அடுத்த பக்கம் தொறக்கும். நீங்க எம்புட்டுத் தட்டுனாலும் தொறக்காது." போன் மணி அடித்தது.

பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட ஆள் வந்திருந்தது. உள்ளே வியாகுலம்மாளும் கோயில் பெண்களும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சகாயராணி அழுதுகொண்டே வந்தவள்தான். பெஞ்சுக்குப் பக்கத்து ஜன்னலில் புதுப் பாட்டிலைப் பார்த்தாள். எடுத்துப் பேரைப் படித்தாள். பதினான்கு வருஷம் படித்த பேர். அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"இத யாருடி ஊத்துனது?" என்று கத்தினாள். "இழுப்புக்காரனுக்கு இத ஊத்துனா செத்துருவான்டி! யாரு ஊத்துனது?"

செபமாலை நின்றது. எல்லாரும் அனிஷாவைப் பார்த்தார்கள்.

வாயிலிருந்து விழுந்ததை எந்த ஆஸ்பத்திரியிலும் உள்ளே திரும்ப வைக்க முடியாது. அடக்கம் முடிந்தது. அனிஷா அழவில்லை. ஒரு வாய் சோறு தின்னவில்லை. தண்ணீரும் வியாகுலம்மாள் மடியில் பிடித்து ஊற்றினால் உண்டு. வலது கையைத் தாவணிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு சுவரோரம் கிடந்தாள். யார் வந்து கேட்டாலும் ஒரே பேச்சு. "நாந்தேன் ஊத்துனேன். ஒண்ணு கன்னத்துல வழிஞ்சிருச்சுன்னு இன்னொண்ணும் ஊத்துனேன்."

"நீ தெரிஞ்சா செஞ்ச தாயி" என்று வியாகுலம்மாள் தலையைத் தடவுவாள்.

"ரெண்டு சொட்டு" என்பாள் அனிஷா.

அஞ்சாம் நாள் சகாயராணி பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பெலிக்ஸ் அறைக்குப் போனாள். பெலிக்ஸ் எழுந்து நின்றார், உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். இவள் பாட்டிலை மேஜையில் வைத்தாள்.

"அட்டையில செவப்பு மையில எழுதியிருந்துச்சு சார். பெரிய டாக்டரு கையால."

"எந்த அட்டை?"

"நீங்க நிறுத்துப் போட்ட அட்டை."

பெலிக்ஸ் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஏதோ தட்டினார். பிரின்டர் கிறீச்சிட்டு ஒரு தாளைத் துப்பியது. அதை அவள் பக்கம் தள்ளினார். ஸ்தனிஸ்லாஸ். வயது 48. ஆஸ்துமா: இல்லை. அதற்குக் கீழே சனிக்கிழமைத் தேதியும் நேரமும். கடைசியில் ஒரு வரி. பதிவு செய்தவர்: சகாயராணி.

"நா வத்தலக்குண்டுல இருந்தேன் சார்."

"இருந்தீங்க. எனக்குத் தெரியும். ஆனா அந்தக் கிளை இன்னும் திறக்கல, அங்க கையெழுத்து நோட்டு கெடையாது. உங்க பேர்ல தொறந்து உங்க பேர்ல ஏத்தியிருக்கு. பாஸ்வேர்ட யாருக்காவது குடுத்தா அதுக்கும் நீங்கதான் பொறுப்பு. சுற்றறிக்கையில இருக்கு."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நான்சி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அவளுக்கும் வீட்டில் இரண்டு தங்கச்சிகள்.

"இத நாலு பேர்கிட்டக் காட்ட எனக்கு இஷ்டமில்ல" என்றார் பெலிக்ஸ். குரல் உயரவே இல்லை. "நீங்களும் அதப் பெருசு பண்ணாதீங்க. பொண்ணு படிக்குது. மனசு ஆறினதும் வேலைக்கு வந்துருங்க. உங்க இடத்த வேற யாருக்கும் குடுக்கல."

மனுஷனைக் கொன்ற இடத்தில் அவளுக்கு இடம் காலியாக இருக்கிறதாம். சகாயராணிக்கு அந்த மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்கவில்லை. தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏழாம் நாள் பூசை முடிந்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் அனிஷாவுக்குக் கண் செருகியது. உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. வியாகுலம்மாள் வெளியே வந்து சகாயராணியின் கையைப் பிடித்தாள்.

"ஏத்தா, இது போயிரும் போலருக்கே. ஒனக்கு அது ஒண்ணுதான். என்னத்தையாவது சொல்லி ஒரு வாய் திங்க வையி."

சகாயராணி பெலிக்ஸ் கொடுத்த தாளை எடுத்து விரித்துக்கொண்டு மகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். தேதியும் நேரமும் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டாள்.

"இதப் படி."

அனிஷா பார்க்கவில்லை. முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "படிடி."

பிள்ளையின் கண் மெதுவாக எழுத்தின் மேல் ஊர்ந்தது. கடைசி வரியில் வந்து நின்றது.

"இல்லைன்னு போட்டுருக்கு."

"ஆமா."

"ஒம் பேரு போட்டுருக்கு."

"ஆமா. நாந்தேன் அடிச்சேன்."

"நீயா?"

"வத்தலக்குண்டுக்குப் போற அவசரத்துல அடிச்சிட்டேன். அதப் பாத்துத்தான் டாக்டரம்மா அந்த மருந்த எழுதுனாங்க. நீ என்னா செய்வ? குடுத்தத ஊத்துன. கையில தண்ணியக் குடுத்திருந்தாலும் ஊத்தியிருப்ப."

"அந்த மருந்து அப்பாவுக்கு ஆகாதுன்னு ஒனக்குத்தானம்மா தெரியும்? எங்க யாருக்கும் தெரியாது. ஒனக்குத்தான தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சே இல்லைன்னு அடிச்சியா?"

ஆமாம் என்று சகாயராணி தலையை ஆட்டினாள். வியாகுலம்மாள் வாசல்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சனிக்கிழமை ஆறரை பஸ்ஸில் சகாயராணியை ஏற்றிவிட்டு வந்தவள். அவளைப் பார்த்து, பேசாதே என்று சகாயராணி கண்ணைக் காட்டினாள்.

"அம்புட்டுப் பேரு முன்னாடி என்னயக் கேட்ட. யாருடி ஊத்துனதுன்னு." அனிஷாவுக்கு ஒன்பது நாளில் முதல் தடவையாகக் குரல் வந்திருந்தது. "நீ செஞ்சிட்டு என்னயக் கேட்ட."

"ஆமாடி. கேட்டேன்."

அனிஷா சுவரைப் பிடித்து எழுந்தாள். தாவணிக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. அந்தக் கையால் அம்மாவின் முகத்தில் ஓங்கி அறைந்தாள். சகாயராணி முகத்தைத் திருப்பவில்லை. இன்னொன்றுக்கும் காத்திருந்தாள். அது விழவில்லை. அனிஷா அடுப்படிக்குப் போய்ச் சட்டியிலிருந்த சோற்றை அள்ளித் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து, நின்றபடியே தின்றாள். விக்கியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தின்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் சகாயராணியை அம்மா என்று கூப்பிடவில்லை. பசித்தால் தட்டை எடுத்து முன்னால் நங்கென்று வைப்பாள். சகாயராணி சோறு போடுவாள்.